தக்காளியில் சுருட்டை, அதன்மேல் கோடை மழை: இந்தப் பட்டத்தில் எங்கே தவறினேன்?

பதிவு 1 | குடிமங்கலத்தார் | மே 5, காலை 6:10

அனைவருக்கும் வணக்கம். உடுமலை வட்டத்தில், குடிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாகக் காய்கறி வெள்ளாமைதான். இந்த வருடம் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எந்த இடத்தில் நான் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தை மாதக் கடைசியில் நட்டேன். நாற்றுப்பண்ணையில் வாங்கிய இருபத்தைந்து நாள் குழித்தட்டு நாற்று. சொட்டுநீர், பாத்தியை மூடும் பிளாஸ்டிக் நிலப்போர்வை, குச்சி, கட்டுக்கம்பி என்று எதிலும் குறை வைக்கவில்லை. மாசி இருபது வரையில் பயிர் பார்ப்பவர் கண்படும்படி இருந்தது. அன்று விடியற்காலையில் வால்வு திறக்கப் போனபோது, செடியில் கை பட்டவுடன் சாம்பலை ஊதியதுபோல் வெள்ளை ஈ எழுந்து பறந்து, மறுபடியும் அதே செடியின் இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. அன்று மாலையே மருந்தடித்தேன். நான்காம் நாள் வேறு மருந்து அடித்தேன். அப்படியும் நட்ட முப்பதாம் நாளில் மேற்கு ஓரத்து வரிசைகளில் கொழுந்து இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டு, விளிம்பு மஞ்சளாகி, செடி வளராமல் குறுகி நின்றுவிட்டது. அங்கிருந்து வாரத்துக்கு ஐந்தாறு வரிசையாகக் கிழக்கே நகர்ந்து வந்தது.

தப்பிய செடிகளில் பங்குனி வெயிலுக்குப் பூ நிற்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் நிலப்போர்வையின் மேல் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். மிஞ்சிய காய் பழுக்கத் தொடங்கி இரண்டு பறிப்பு முடிந்திருந்த நிலையில், சித்திரை 12ஆம் தேதி மாலை காற்றோடு மழை பெய்தது. ஒன்றரை மாதமாக ஒரு சொட்டுக்கூட இல்லாத நிலத்தில் ஒரே மாலையில் அவ்வளவு தண்ணீர் இறங்கியதால், மறுநாள் பழமெல்லாம் காம்பைச் சுற்றி வெடித்திருந்தது. வெடிப்பில் பூசணம் பிடித்தது. இதுவரை ஒன்றரை ஏக்கரிலும் சேர்த்து 210 பெட்டிதான் ஏற்றியிருக்கிறேன். 14 கிலோப் பெட்டி 110 ரூபாய்க்குப் போனது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் போக என்ன நிற்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செடியைப் பிடுங்கிவிடுவதா, இன்னும் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதா என்பது என் முதல் கேள்வி. என்னுடைய தோட்டத்துக்குள் நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் ஏன் இப்படி ஆனது என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

பதிவு 2 | கிருஷ்ணகிரி மேட்டுநிலம் | மே 5, காலை 8:45

அண்ணா, படித்ததும் மனம் கனத்துவிட்டது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் வெள்ளை ஈயைக் கண்ணால் பார்த்த பிறகு அடித்திருக்கிறீர்கள். நான் நட்ட மூன்றாம் நாளே தொடங்கி, பூ எடுக்கும் வரையில் நான்கு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மருந்து கலந்து அடித்துவிடுவேன். செலவு கடுமைதான். ஆனாலும் 2015இல் எங்கள் பக்கம் ஊசிப்புழு புதிதாக இறங்கியபோது, அது என்ன புழு என்றே தெரியாமல் இலையில் கொப்புளம் கொப்புளமாகக் காய்ந்த செடிகளையும், காம்புக்கு அருகே குண்டூசி குத்தியதுபோல் துளை விழுந்த பழங்களையும் அள்ளிக் கொட்டியவன் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

2023 ஜூலையில் கடைகளில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றதும், அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலை வந்த நேரத்தில் செடியில் காய் வைத்திருந்தவன் மட்டும்தான் நிமிர்ந்தான். செப்டம்பரில் அதே தக்காளியைப் பறிக்க ஆளில்லாமல் விட்டோம். விலை எப்போது வரும் என்று தெரியாதபோது, செடியைக் காப்பாற்றிக் கையில் வைத்திருப்பது ஒன்றுதான் வழி என்று நான் நம்புகிறேன். அதற்கு மருந்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

பதிவு 3 | பசுந்தாள் (ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்) | மே 5, மாலை 4:20

குடிமங்கலத்தாரின் பதிவை இரண்டு முறை படித்தேன். தேதிகளோடு எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது.

இலைச்சுருட்டை வைரஸ் செடிக்குள் ஏறிய பிறகு, அறிகுறி வெளியே தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முப்பதாம் நாளில் சுருண்ட செடி, நட்ட முதல் இரண்டு வாரத்துக்குள்ளாகவோ, நாற்றுப்பண்ணையில் இருந்தபோதோ நோயை வாங்கியிருக்கிறது. நீங்கள் வெள்ளை ஈயைக் கூட்டமாகப் பார்த்தது ஏறக்குறைய இருபத்திரண்டாம் நாளில். அதாவது நீங்கள் மருந்தடித்த அந்த மாலையில், மேற்கு ஓரத்துச் செடிகளின் கதை உள்ளுக்குள் முடிந்திருந்தது. வைரஸுக்கு மருந்து கிடையாது. ஒரு முறை வைரஸை உறிஞ்சிய வெள்ளை ஈ, சாகும் வரையில் அதைச் சுமந்துகொண்டு செடிக்குச் செடி போய்க் கொடுக்கும். எனவே மருந்துத் தேர்வில் நீங்கள் தவறவில்லை. நோய் உங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் உள்ள நைலான் வலைக்குள் வளர்ந்த நாற்றா என்று பண்ணையில் கேட்டு வாங்குவதும், நடுவதற்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் விதைத்து அது எழும்பிய பிறகு நடுவதும், நிலப்போர்வையின் வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி விரிப்பதும் ஈ வந்து இறங்குவதையே குறைக்கும். தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு செடிகளில் சுருட்டை தெரிந்தால், வெயில் ஏறுவதற்கு முன், ஈ சுறுசுறுப்பில்லாமல் இருக்கும் வேளையில், செடியின் மேல் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து, ஈ வெளியே பறக்காதபடி வேரோடு பிடுங்க வேண்டும்.

பூ உதிர்வு வேறு சங்கதி. பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவில் வெப்பம் தணியாமலும் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பகல் வெப்பத்தை எல்லோரும் கவனிக்கிறோம், இரவு வெப்பத்தை யாரும் பார்ப்பதில்லை. உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருவதற்கு முந்தைய மாதங்களில் இரவும் புழுங்கினால், எந்த ஊக்கியை அடித்தாலும் பூ நிற்காது. அதை விற்பவர்கள் சொல்வதை நம்பிப் பணம் செலவழித்த எத்தனையோ பேரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரி நண்பருக்கு ஒரு சொல். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நான்கு நாளுக்கு ஒரு முறை கலந்து அடிப்பதை நான் ஏற்க மாட்டேன். கோடையில் வெள்ளை ஈக்கு முட்டையிலிருந்து ஈ ஆவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் போதும். ஒரு பயிர்க் காலத்தில் நான்கைந்து தலைமுறை வந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் மருந்துக்குத் தப்பியவைதான் அடுத்ததைப் பெறுகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்த வயலில் வெள்ளை ஈயும் செம்பேனும் முன்னைவிடப் பெருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள், ஏனென்றால் அவற்றைத் தின்னும் பூச்சிகள் முதலில் செத்துவிடுகின்றன. பறிப்பு தொடங்கிய பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை பழம் எடுக்கும் தோட்டத்தில், இடையில் அடிக்கும் மருந்து யார் வீட்டுக் குழம்புக்குப் போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடிமங்கலத்தாரிடம் ஒரு கேள்வி. நோய் மேற்கு ஓரத்தில் தொடங்கியது என்றீர்கள். மேற்கே வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

பதிவு 4 | குடிமங்கலத்தார் | மே 5, இரவு 9:05

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்ததும் கைப்பேசியை வைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மேற்கே எங்கள் பங்காளி ஒருவருடைய தோட்டம். கார்த்திகையில் நட்ட தக்காளி அங்கே இருந்தது. மாசியில் விலை விழுந்ததும், பறித்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று அப்படியே விட்டுவிட்டார். குச்சியோடு செடி இன்றும் நிற்கிறது. தண்ணீர் இல்லாமல் பாதி காய்ந்து, கீழிருந்து மறுபடியும் தளிர்த்து, ஒவ்வொரு தளிரும் சுருண்டு கிடக்கிறது. வரப்பு நெடுகத் துத்தியும் பார்த்தீனியமும் ஆள் இடுப்புக்கு வளர்ந்திருக்கின்றன. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஆனால் என் மருந்துத் தெளிப்பானோடு அதைச் சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிடுங்கிப் போட ஏக்கருக்கு எட்டுப் பத்து ஆள் கூலி வேண்டும். நட்டப்பட்ட பயிருக்கு மேலும் ஒரு செலவை எவன் செய்வான்? மூன்று வருடத்துக்கு முன் நானும் ஒரு தோட்டத்தை அப்படித்தான் விட்டேன். அந்த வருடம் யாருடைய செடி சுருண்டது என்று நான் விசாரிக்கவே இல்லை.

பதிவு 5 | ஆவடி மாடித்தோட்டம் | மே 6, காலை 7:30

நான் விவசாயி இல்லை. மாடியில் நாற்பது பைகளில் வெண்டை, கத்தரி, அவரை, கீரை வைத்திருப்பவள். உங்கள் நட்டத்துக்கு முன்னால் என் கவலையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வரப்புக்கு அந்தப் பக்கம் என்ற சொல் என்னையும் எழுத வைத்தது.

எங்கள் மாடியில் மூன்று வருடமாக மாவுப்பூச்சி ஓயவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, கத்தரிக் கணுக்களில் பஞ்சுபோல் ஒட்டியிருப்பதைத் தேய்த்து எடுக்கிறேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் செம்பருத்தி எங்கள் சுவரை ஒட்டி நிற்கிறது, அதன் கிளையெல்லாம் வெள்ளை. எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு சுவர்மேல் வருவதை என் கண்ணால் பார்த்தேன். அந்த வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். கிளையை வெட்டச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் மாடிக்கே ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் போனபோது பைகளெல்லாம் சேற்றுக் குழம்பாகி, காய் பிடித்திருந்த அவரைக்கொடி வேரழுகிச் சாய்ந்திருந்தது. மண் கலவையைப் புதிதாகச் செய்து நட்டு, அது பூக்கும்போது மாவுப்பூச்சி. ஐயா, வேப்பங்கொட்டைக் கரைசல் இதற்குப் பயன்படுமா? கடையில் வாங்கும் வேப்பெண்ணெய் அடித்ததில் இலை கருகிவிட்டது.

பதிவு 6 | பசுந்தாள் | மே 6, காலை 10:15

அம்மா, தயங்காமல் எழுதுங்கள். பூச்சிக்கு ஏக்கர், மாடி என்ற கணக்குக் கிடையாது. இலை கருகியதற்குக் காரணம், எண்ணெய் நீரில் சரியாகக் கலக்காததும் வெயிலில் அடித்ததும் ஆக இருக்கலாம். வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து, துணியில் கட்டி இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். வேம்பின் வீரியம் வெயிலில் விரைவாகக் கெட்டுவிடும். வளர்ந்த மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையை இது துளைக்காது. குஞ்சுப் பருவத்தில்தான் பலன் தரும், எனவே பிரஷ்ஷை விட்டுவிடாதீர்கள்.

மாவுப்பூச்சி என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 2008இல் கோவைப் பக்கத்தில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, கத்தரி என்று கண்டதிலெல்லாம் ஏறியது. உழவர்கள் அடிக்காத மருந்து இல்லை. அடித்த வாரமே பக்கத்து வேலியிலிருந்து மறுபடியும் வந்தது. கடைசியில் 2010இல் மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்டார்கள். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அந்தச் சிறு குளவிகளில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒன்று ஊர் ஊராகப் பரவி, சில மாதங்களில் அந்தப் பூச்சியை அடக்கிவிட்டது. குளவி யாருடைய பட்டா என்று பார்க்கவில்லை, எல்லா வேலிக்கும் போனது. தனித்தனியாக ஒவ்வொருவரும் தெளித்து இரண்டு வருடம் முடியாதது, எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒன்றைச் செய்தபோது முடிந்தது. இலைச்சுருட்டைக்கு அப்படிப்பட்ட குளவி நம்மிடம் இல்லை என்பதுதான் துயரம். அதற்கு நாமே சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

பதிவு 7 | தாமிரபரணிக் கரை | மே 6, பிற்பகல் 2:40

வணக்கம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் கத்தரி போடுகிறேன். சேர்ந்து செய்வது என்ற பேச்சு வந்ததால் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன், அது முழுக்க நல்ல அனுபவம் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் வந்த வெள்ளம் எங்கள் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணலைப் போட்டுவிட்டுப் போனது. புரட்டாசியில் நட்டு அப்போதுதான் நன்றாகக் காய்க்கத் தொடங்கியிருந்த கத்தரி, மணலுக்கு மேல் நுனிக் கொழுந்து மட்டும் தெரிய நின்றது. என் தகப்பனார் ஒவ்வொரு கொழுந்தாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார், ஒன்றும் பேசவில்லை. மணலை வழிக்கவே மாசி ஆகிவிட்டது.

அடுத்து நட்டதில் தண்டு, காய்த்துளைப்பான் ஏறியது. கத்தரி போடுபவர்களுக்குத் தெரியும், நல்ல ஈரம் இருக்கும்போதே கொழுந்து மட்டும் தலை சாய்ந்து தொங்கும். அந்தத் தண்டை நகத்தால் கீறினால் உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் புழு சுருண்டிருக்கும். மருந்து அதன்மேல் படவே படாது. அந்த வருடம் வேளாண் அலுவலர் ஒருவர் வந்து, எங்கள் வாய்க்கால் கரையில் கத்தரி போட்டிருந்த பதினோரு பேரையும் கூட்டி, வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் வாடிய கொழுந்தைக் கிள்ளி அழித்து, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டும் என்றார். முதல் ஐந்து வாரம் எல்லோரும் செய்தோம். சொத்தைக் காய் கண்கூடாகக் குறைந்தது. ஆறாம் வாரம் கோயில் கொடை வந்தது. ஏழாம் வாரம் நான்கு பேர் வரவில்லை. அந்துப்பூச்சி அவர்கள் வயலில் வளர்ந்து எங்கள் வயலுக்கு வந்தது. வராதவர்களில் இருவர் மணல் வெள்ளத்தில் எல்லாம் போய்க் கூலி வேலைக்குப் போயிருந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களுடைய கொழுந்தையும் நாங்களே கிள்ளியிருக்கலாம். அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது, இந்த யோசனை வரவில்லை.

பதிவு 8 | ஊத்தங்கரை வெள்ளாமை | மே 6, இரவு 8:10

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்த பிறகு, எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கிற வறட்சி நிலத்துக்குப் புயல் வெள்ளம் வரும் என்று யாரும் நினைத்து வடிகால் வெட்டவில்லை. என் மிளகாயும் தக்காளியும் மூன்று நாள் நீரில் நின்று வாடிவிட்டன.

நான் சொல்ல வந்தது காப்பீட்டைப் பற்றி. பயிர்க் காப்பீட்டில் காய்கறிக்கு உழவர் பங்காக 5 சதவீதம் கட்டுகிறோம். நெல்லுக்குக் கட்டுவதைவிட இது கூடுதல். ஆனால் இழப்பைக் கணக்கிடும்போது பெரும்பாலும் என் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை, அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதியின் சராசரியைப் பார்க்கிறார்கள். மேட்டில் இருப்பவன் தப்பித்தால் பள்ளத்தில் இருப்பவனின் நட்டம் சராசரியில் கரைந்துவிடும். குடிமங்கலத்து அண்ணனுக்கு வந்ததுபோல் இரண்டு தோட்டத்துக்கு மட்டும் சுருட்டை விழுந்தால் எந்தச் சராசரியிலும் அது தெரியாது. பணத்தைக் கணக்கிடும்போது எங்களையெல்லாம் ஒரே பகுதியாகச் சேர்க்கிற முறை, பூச்சியைக் கட்டுப்படுத்தும்போது மட்டும் ஒவ்வொருவனையும் தனியாக விட்டுவிடுகிறது. பங்காளி செடியைப் பிடுங்க ஆகும் கூலியை அரசு கொடுத்தாலே பத்துத் தோட்டம் தப்பிக்குமே என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 9 | கிருஷ்ணகிரி மேட்டுநிலம் | மே 6, இரவு 10:30

பசுந்தாள் ஐயா எழுதியதைப் பகலில் படித்தபோது மறுத்து எழுதத்தான் நினைத்தேன். மாலையில் தோட்டத்துக்குப் போய் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொறிவண்டு ஒன்றுகூட இல்லை, சிலந்தி வலை ஒன்றுகூட இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது காலையில் தக்காளிக் காட்டுக்குள் நடந்தால் முகத்தில் சிலந்தி நூல் ஒட்டும். எப்போது அது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

ஆனாலும் ஐயா, ஒன்றைக் கேட்கிறேன். திடீரென்று மருந்தை நிறுத்தினால், அந்த நல்ல பூச்சிகள் திரும்பி வருவதற்குள் என் பயிர் போய்விடாதா? ஒரு பட்டம் போனால் அடுத்த பட்டத்துக்கு நகையைத்தான் வைக்க வேண்டும். பரிசோதனை செய்து பார்க்க எனக்கு இடமில்லை.

பதிவு 10 | பசுந்தாள் | மே 7, காலை 6:50

உங்கள் கேள்வி நேர்மையானது. முழுத் தோட்டத்திலும் நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நகை என்னுடையது இல்லை. ஒரு ஓரத்தில் பதினாறு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் உயரமான துலுக்கச் சாமந்தி நடுங்கள். தக்காளி நாற்று இருபத்தைந்து நாள் என்றால் சாமந்தி நாற்று நாற்பத்தைந்து நாள் வயதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூத்துப் பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்து தக்காளியை விட்டுச் சாமந்தியில் முட்டையிடும். மஞ்சள் ஒட்டுப் பொறியை வைத்து, ஈயின் எண்ணிக்கையை எழுதிவைத்து, ஏறும்போது மட்டும் அடியுங்கள். அடுத்த முறை வேறு வகை மருந்தாக இருக்கட்டும், ஒரே வகையின் வேறு பெயர் வேண்டாம். கடைக்காரரிடம் வகையைக் கேளுங்கள், பெயரைக் கேட்காதீர்கள். ஒரு பருவம் பாருங்கள்.

வானிலையைப் பற்றியும் எழுத வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அதில் தவறில்லை. ஆனால் ஆடியில் ஈரம் இருக்கும் என்ற உறுதி இப்போது இல்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அதற்கு முந்தைய வருடம் சென்னை மூழ்கியது. இந்த ஏற்றத்தாழ்வில் பட்டத்தை மட்டும் நம்ப முடியாது. வானிலைத் துறை செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட அளவில் ஐந்து நாள் முன்னறிவிப்புத் தருகிறது, மேகதூத் செயலியில் தமிழிலேயே வருகிறது. மழை வரும் என்று இரண்டு நாள் முன்பு தெரிந்தால், வெடிக்கக்கூடிய பழத்தை நிறம் திரும்பும் பருவத்திலேயே பறித்துவிடலாம். வறண்ட நாட்களில் சொட்டுநீரைக் குறைத்துவிடாமல் சீராகக் கொடுத்துவந்தால், திடீர் மழைக்கு வெடிப்பதும் குறையும். முன்னறிவிப்பு பொய்க்கும் நாளும் உண்டு. சித்திரை மாதத்து இடி மழை எந்தக் காட்டில் இறங்கும் என்று எந்தச் செயலியும் சொல்லிவிடாது. ஆகவே குடிமங்கலத்தார் அந்த மாலை மழைக்குத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

முதல் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி. பிடுங்கிவிடுங்கள். இனி அதில் வருவது கூலிக்குக் கட்டாது, நிற்கும் ஒவ்வொரு நாளும் அது அடுத்தவருக்கு ஈ வளர்க்கும்.

பதிவு 11 | குடிமங்கலத்தார் | மே 12, இரவு 8:40

ஒரு வாரம் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை பங்காளி வீட்டுக்குப் போனேன். அவருடைய செடியால் எனக்கு வந்தது என்று சொல்லப் போகவில்லை. தாமிரபரணிக்காரர் எழுதியது மனதில் இருந்தது. என் தோட்டத்தைப் பிடுங்கப் போகிறேன், ஆள் வருகிறது, அப்படியே உன் தோட்டத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடலாமா, கூலியை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குச்சியையாவது காப்பாற்றலாம், வாங்க என்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். வெயில் ஏறுவதற்குள் மேற்கு வரிசைகளை முடித்துவிட வேண்டும் என்பதால் இரண்டு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பிடுங்கிய செடியைக் கரையில் குவிக்காமல் அன்றே குழியில் போட்டு மண் மூடினோம்.

வரப்புதான் கடைசி வேலையாக மிஞ்சியது. அந்த வரப்பு யாருடையது என்பதில் எங்கள் தகப்பனார் காலத்திலிருந்தே பேச்சு உண்டு. அதனால்தான் துத்தியை இத்தனை வருடமாக இரண்டு பேரும் வெட்டவில்லை என்பது, அரிவாளோடு அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் தெற்கிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார், நான் வடக்கிலிருந்து வெட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு தோட்டத்திலும் தீவனச் சோளம் விதைக்கப் போகிறோம். ஆடி வரையில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம் என்று பேசியிருக்கிறோம். கிணற்றடியில் பங்காளி வீட்டு அம்மா வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் நான்கு மிளகாய்ச் செடிகளை மட்டும் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். கிழக்கே இன்னும் இரண்டு தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வருகிறேன் என்றார், இன்னொருவர் வைகாசியிலேயே நடப்போகிறார், நாற்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். அவரைத் தடுக்க எனக்கு மனமில்லை. அவர் வயலோரத்தில் மக்காச்சோளம் விதைக்க விதை நான் தருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பசுந்தாள் ஐயா, ஒரு சந்தேகம். அவர் வரும் 25ஆம் தேதி வாக்கில் நடுவதாக இருக்கிறார். இன்றைக்கு மக்காச்சோளம் விதைத்தால் அதற்குள் எந்த உயரம் வரும்? அது போதாது என்றால், நடவைப் பத்து நாள் தள்ளிப் போடும்படி அவரிடம் நாளையே பேசிப் பார்க்கிறேன்.